நீல ஸ்ப்ரிங்

டீசல் போடும்போது மீட்டரில் பூஜ்யம் விழுந்ததா என்று பார்ப்பது சின்ன வயதிலிருந்தே என் வேலை. அப்பா வண்டியை விட்டு இறங்கி, பங்க்காரரின் கையைப் பார்ப்பார். நான் மீட்டரைப் பார்ப்பேன்.

"ஜீரோ பாத்துக்கினியா?" என்பார்.

தலையாட்டுவேன். எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. பார்க்க மட்டும் வேண்டிய வேலை என்பதால் சௌகரியமாக இருந்தது.

அப்பாவின் பெயர் பொன்னுரங்கம். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் நெல் வயல் இருந்த இடத்தில் இப்போது கடைகள் இருக்கின்றன. அந்த வாடகைதான் வருமானம். அப்பா எல்லாரையும் சந்தேகப்படுவார். கேஸ் சிலிண்டரைத் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். மழை எச்சரிக்கை வந்தால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவார்கள். தண்ணீர் வடிகிறவரை கார்கள் அங்கேயே வரிசையாக நிற்கும். அப்பா மட்டும் காரோடு தானும் தங்கிவிடுவார். டயரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களாம்.

யாராவது கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால், "இவன் இன்னாத்துக்கு சிரிக்கிறான்?" என்று என்னிடம் கேட்பார்.

அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அக்காவின் கணவர் நிகில் மாமா. மாப்பிள்ளையைக் கேள்வி கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவர் எப்போது வந்தார், எப்போது போவார், ஏன் தாமதம், எதையும் கேட்கக் கூடாது. "வாங்க மாப்ள", "சாப்ட்டீங்களா மாப்ள" என்ற இரண்டு கேள்விகளோடு அப்பா நிறுத்திக்கொள்வார். நிகில் மாமாவின் வீடு கேளம்பாக்கத்தில். அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை.

அப்பா கேட்காததால் அவரை நான் கவனிக்க ஆரம்பித்தேன். வீட்டில் யாராவது பார்க்க வேண்டுமே.

வினிதா அக்காவுக்குக் கார்த்திகையில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். ஐப்பசியில் கேளம்பாக்கத்தில் வளைகாப்பு. முடிந்ததும் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். மழை நாட்களில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். எங்களிடம் இருந்தது பழைய ஸ்கார்ப்பியோ. பின்பக்கம் தாழ்ந்துபோய், பள்ளத்தில் இறங்கினால் முதுகில் குத்துவதுபோல் அடிக்கும்.

"இதுலயா வினிதாவ கூட்டிட்டு வரப் போறீங்க?" என்று நிகில் மாமா ஒருநாள் கேட்டார். "வீல், டயர், சஸ்பென்ஷன் எல்லாம் மாத்திடலாம் மாமா. நான் பார்த்துக்கறேன்."

"நீங்க பாத்தா சரிதான் மாப்ள," என்றார் அப்பா. பணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். எண்ணச் சொல்லவில்லை. எதற்கு எவ்வளவு என்றும் கேட்கவில்லை.

முடிச்சூர் சாலையில் ஸ்ரீரங்கன் என்பவரின் கடைக்குப் போனோம். அப்பா, நிகில் மாமா, நான். என்னை எதற்கு அழைத்துப்போனார் என்று எனக்குத் தெரியும்.

கடைச் சுவர் முழுக்க அலாய் வீல்கள் மாட்டியிருந்தன. ஸ்ரீரங்கன் பதினெட்டு இஞ்ச் வீல் ஒன்றை இறக்கி எங்கள் முன்னால் சுழற்றிவிட்டார்.

"இத்த போட்டா வண்டி கெத்தா நிக்கும் சார். ரோட்ல போறவன் நின்னு பாப்பான்."

"எவனும் பாக்க வேணாம். பாத்தா கழட்டிக்கினு பூடுவான்."

ஸ்ரீரங்கன் சிரித்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

"பதினெட்டு வேண்டாம்ணா," என்றார் நிகில் மாமா. "ரிம் பெருசானா டயர் மெல்லிசாயிடும். குலுக்கல் அப்படியே உடம்புக்கு வரும். பதினாறே போதும். டயர் மட்டும் கொஞ்சம் உயரமா போடுங்க. தண்ணியிலயும் போகணும், பள்ளத்துலயும் போகணும்."

எனக்கு அது சரியாகப் பட்டது. ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் ரப்பரும் காற்றும் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. நான் வேதியியல் படித்தவள். குரோம்பேட்டையில் தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை செய்கிறேன். இதெல்லாம் என் பாடமில்லை. ஆனாலும் இந்த அளவுக்குப் புரிந்தது.

ஸ்ரீரங்கன் சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தார்.

"உயர டயர்னா பின்னாடி ஸ்ப்ரிங் மாத்தியே ஆவணும் சார். பழசு உக்காந்து போச்சு. அப்டியே வுட்டா, பின்னாடி நாலு பேர் ஏறுனா டயரு உள்ள இடிக்கும்."

அப்பா மறுபடி என்னைப் பார்த்தார். பங்க்கில் பார்க்கிற அதே பார்வை.

ஸ்ரீரங்கன் ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு ஸ்ப்ரிங்குகள். பளிச்சென்ற நீல நிறம். பழையதைவிடக் கம்பி தடிமன், உயரமும் கூட.

"இது எந்தக்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"இதான் நல்லது மாமா. நான் விசாரிச்சிட்டேன்," என்றார் நிகில் மாமா.

அப்பா வாயை மூடிக்கொண்டார். "நீங்க சொன்னா சரி மாப்ள."

பிறகு நிகில் மாமா ஸ்ரீரங்கனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு கடையின் பின்பக்கம் போனார். இரண்டு பேரும் நெடுநேரம் பேசினார்கள். ஸ்ரீரங்கன் ஒருமுறை திரும்பி எங்களைப் பார்த்தார். அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் இப்படித் தனியாகப் போய்ப் பேசியிருந்தால் அப்பா பின்னாலேயே போயிருப்பார்.

திரும்பி வந்த நிகில் மாமா என் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"புது வீல் அரை இஞ்ச் வெளிய நிக்கும். ஒண்ணும் ஆகாது. அப்பாகிட்ட சொல்லாத பிரியா. அதுக்கே நாலு நாள் தூங்க மாட்டாரு."

தலையாட்டினேன். ஒன்றைச் சொல்லாதே என்கிறவர், என்னிடமும் சொல்லாமல் எத்தனை வைத்திருப்பார் என்று அப்போதே தோன்றியது.

வேலை மறுநாள் என்று ஸ்ரீரங்கன் சொன்னார். நிகில் மாமாவுக்கு அலுவலகம். எனக்கு லேப். வண்டியை அப்பாதான் போய் எடுத்து வந்தார்.

நான் வந்தபோது வண்டி வாசலில் நின்றது. உயர்ந்து, அகலமாக, வேறு வண்டிபோல் இருந்தது. சக்கரங்களின் கீழே நசுங்கிய எலுமிச்சம்பழங்கள். எதிர்வீட்டு ஆல்வின் அண்ணன் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பெரியவரே, எலெக்ஷன்ல நிக்கப் போறியா?"

"மாப்ள பண்ணது," என்றார் அப்பா. பெருமையாகச் சொல்லவேண்டிய சொல். ஆனால் தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவினேன். பின்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து உள்ளே தண்ணீர் அடித்தபோது ஸ்ப்ரிங் தெரிந்தது.

நீலம் இல்லை. கறுப்பு.

முதலில் சேறு என்று நினைத்தேன். மறுபடி தண்ணீர் அடித்தேன். விரலை விட்டுத் தேய்த்தேன். புதுக் கறுப்புப் பெயின்ட் ஓரிடத்தில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. அடியில் துரு. பெயின்ட் அடித்த பழைய ஸ்ப்ரிங். அதன் சுருள்களுக்கு நடுவே கெட்டி ரப்பர்த் துண்டு ஒன்றைச் செருகியிருந்தார்கள். வண்டி உயரமாக நின்றது அந்த ரப்பரால்.

மறுபக்கமும் அப்படித்தான்.

புது டயரில் மெல்லிய ரப்பர் முடிகள் இருக்கும். இந்த டயர்களிலும் இருந்தன. ஆனால் பின்டயர்களின் வெளி ஓரத்தில் ஒரு கோடு மட்டும் முடி இல்லாமல், மழித்ததுபோல் இருந்தது.

நீல ஸ்ப்ரிங்கைக் காட்டிவிட்டுப் பழையதற்குப் பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள். பணம் அப்பாவுடையது. வாங்கியவர் நிகில் மாமா. கடையின் பின்பக்கம் நின்று இரண்டு பேரும் பேசியது இதைத்தான்.

ஆனாலும் நிச்சயமில்லாமல் பேசக் கூடாது. பின்சக்கரங்களுக்கு மேலே, தகட்டின் உள்பக்கம், கோலமாவைக் குழைத்துத் தடவினேன். நன்றாகக் காயவிட்டேன். அப்பா அன்று தனியாகக் கடை வாடகை வாங்கப் போய் வந்தார். மாவு அப்படியே இருந்தது. அடுத்த நாள் அம்மாவும், அத்தைகள் இருவரும், சித்தப்பாவும் பின்னால் ஏறிக் கோயிலுக்குப் போனார்கள். வந்த பிறகு பார்த்தேன். இரண்டு பக்கமும் மாவு வழித்துக்கொண்டு போயிருந்தது. டயரில் வெள்ளைக் கோடு.

ஆள் ஏறினால் இடிக்கிறது. சந்தேகமே இல்லை.

வளைகாப்பு அன்று திரும்பி வரும்போது பின்னால் நிறைய ஆட்கள் இருப்பார்கள். நடுவில் அக்கா. டயரின் பக்கவாட்டுச் சுவர் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்குப் படிப்பு தேவையில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பா, வண்டில ஸ்ப்ரிங் பழசுதான் இருக்கு. நீலமா காட்டினாங்களே, அது இல்ல."

அவர் திரும்பவில்லை. "நீ இன்னாத்துக்கு அங்கெல்லாம் குனிஞ்சி பாக்கற?"

"டயர் உள்ள இடிக்குது. நான் பார்த்தேன்."

"உனக்கு இன்னா தெரியும்? மாப்ள பாத்து போட்டது. வாய மூடிக்கினு இரு. அவுரு காதுல வுழுந்தா இன்னா நினைப்பாரு?"

தராசு வைத்துச் சிலிண்டரை நிறுப்பவர் சொன்னார் இதை. எனக்கு அழுகை வந்தது. மாப்பிள்ளை என்றால் பெண்ணின் உயிரைக்கூடப் பார்க்க மாட்டார்களா?

லேபிலிருந்து வரும் வழியில் ஸ்ரீரங்கன் கடையில் இறங்கினேன். வாசலில் நின்றேன். கேட்க வேண்டிய வாக்கியத்தை ரயிலிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் சுவரில் மாட்டியிருந்த வீல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்ரீரங்கனே பார்த்துவிட்டார். முகம் மாறியது.

"இன்னாமா? அப்பா அனுப்ச்சாரா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"வண்டி நல்லா ஓடுதுல்ல? ஆள் ஏத்தாம தான ஓட்றீங்க?"

நான் திரும்பி நடந்தேன். ஆள் ஏற்றக் கூடாது என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

அன்றிரவு அக்காவுக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினேன். "நிகில் மாமா" என்று எழுதி, அழித்து, "கடைக்காரர்" என்று மாற்றி, அதையும் அழித்தேன். ஒன்பது மாதம் சுமக்கிறவளிடம் உன் கணவன் திருடன் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? கடைசியில் "சாப்பிட்டியா?" என்று மட்டும் அனுப்பினேன். "ஊறுகா மட்டும்" என்று பதில் வந்தது, சிரிக்கும் முகத்தோடு.

வேறு வண்டியில் போகலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "மாப்ள ஆசையா செஞ்சி குடுத்த வண்டிய வுட்டுட்டு டாக்ஸியில போய் எறங்கனா அவுங்க வூட்ல இன்னா பேசுவாங்க?" என்றாள் அம்மா.

வளைகாப்பு நாளில் அதே வண்டியில்தான் போனோம். பின்னால் அம்மா, அத்தைகள், வரிசைத் தட்டுகள், ஏழு வகைச் சாதம் வைத்த பாத்திரங்கள். நான் முன்னால் அப்பாவின் பக்கத்தில். வண்டலூர் தாண்டியதும் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னாலிருந்து 'சர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் ரேடியோவைக் கூட்டினார். ஆனால் அடுத்த வேகத்தடையில் வண்டியை நடக்கிற வேகத்துக்குக் குறைத்தார். பின்னால் இருந்த ஆட்டோ ஹாரன் அடித்தது.

"இன்னா அண்ணே, மாட்டு வண்டியா ஓட்ற?" என்றாள் பின்னாலிருந்த சின்ன அத்தை.

"தட்டு கொட்டிடும்," என்றார் அப்பா.

அக்கா பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். என் முறை வந்தபோது, "என்னடி, உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று காதில் கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். நிகில் மாமா பட்டு வேட்டியில் எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். நிறையச் சிரித்தார். இவன் இன்னாத்துக்கு சிரிக்கிறான் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது வெளியே போய்ப் பார்த்தேன். இடது பின்டயரின் வெளி ஓரம் கிழிந்து, உள்ளே நூல் தெரிந்தது. ரப்பர் கருகிய வாடை இன்னும் போகவில்லை.

ராகு காலத்துக்கு முன் கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். நிகில் மாமாவின் அப்பா தசரதன் பெரியவர், எங்கள் சம்பந்தி, வாசலில் நின்று வழியனுப்பினார். அத்தைகள் ஏறிவிட்டார்கள். அக்கா இரண்டு கை நிறைய வளையல்களோடு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி வந்தாள். அப்பா சாவியோடு நின்றார்.

நான் கதவின் முன்னால் போய் நின்றேன்.

"நகருடி," என்றாள் அம்மா.

நகரவில்லை. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மறுபடி திறந்தேன்.

"அக்கா இதுல ஏறக் கூடாது."

"நல்ல நேரத்துல இன்னா பேச்சு பேசற?" அம்மா என் கையைக் கிள்ளினாள்.

"டயர் கிழிஞ்சிருக்கு. ஸ்ப்ரிங் மாத்தவே இல்ல. பழசுக்கு பெயின்ட் அடிச்சி வச்சிருக்காங்க. ஆள் ஏறினா டயர் உள்ள இடிக்குது. நான் மாவு தடவிப் பார்த்தேன்."

இவ்வளவு நீளமாக நான் யார் முன்னாலும் பேசியதில்லை. நான் பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லாத் தலைகளும் நிகில் மாமாவின் பக்கம் திரும்பின. அக்காவின் தலையும்.

"என்னடா இது?" என்றார் தசரதன். "பொறுப்ப உங்கிட்டதான குடுத்தாங்க?"

நிகில் மாமா பட்டு வேட்டியோடு தரையில் படுத்து, போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தார். எழுந்தபோது சட்டையெல்லாம் மண்.

"நான் ப்ளூ ஸ்ப்ரிங் வாங்கிக் குடுத்தேன். நீங்கல்லாம்கூட பார்த்தீங்க."

"பாத்தா போதுமா? மாட்டனானான்னு பாக்க வேணாமா?" என்றார் தசரதன். "மாமனார் வூட்டு வண்டிய கெடுத்து வச்சிருக்க. அந்த கடக்காரன கூப்புடு. இப்பவே கூப்புடு. நானே பேசறேன்."

"வுடுங்க சம்மந்தி," என்றார் அப்பா. "ராகு காலம் வருது."

"அதெப்படி வுட்றது? புள்ளத்தாச்சிப் பொண்ணு போற வண்டி."

நிகில் மாமா ஏற்கெனவே அழைத்துவிட்டார். ஸ்பீக்கரில் மணி அடித்தது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். குற்றம் செய்தவர் எல்லார் நடுவிலும் ஸ்பீக்கர் போடுவாரா என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

"சொல்லுங்க சார்," என்றார் ஸ்ரீரங்கன்.

"அண்ணா, பின்னாடி பழைய ஸ்ப்ரிங்தான் இருக்கு. புதுசு என்ன ஆச்சு?"

"சாரு சொல்லலீங்களா?" ஸ்ரீரங்கனின் குரல் வாசல் முழுக்கக் கேட்டது. "மறுநா காலைல உங்க மாமனார் வந்து, புதுசு மாட்டாத, கம்பெனி ஸ்ப்ரிங்கே இருக்கட்டும்னாரு. டயரு இடிக்கும் சார்னு சொன்னேன். கேக்கல. சரின்னு பெயின்ட் அடிச்சி, ரப்பர் வச்சி ஏத்திக் குடுத்தேன். ஆள் ஏத்தாதீங்கன்னு நூறு தபா சொன்னேன் சார். புதுச பெட்டியோட கையில குடுத்துட்டேன். மாப்ளைக்கு நானே சொல்லிக்கறேன்னாரு..."

நிகில் மாமா அழைப்பைத் துண்டித்தார்.

வண்டிக்குள் இருந்த சின்ன அத்தை மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கினாள். பெரிய அத்தையும் இறங்கினாள்.

அப்பா சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"டயர்ல கம்பெனி பேரு கீது," என்றார். "ஸ்ப்ரிங்ல இன்னா கீது? நீலப் பெயின்ட் கீது. எவன் செஞ்சான், எங்க செஞ்சான், ஒண்ணும் தெரியாது. டூப்ளிகேட்டா இருந்து நடு ரோட்ல ஒடஞ்சா? பழசு கம்பெனி சாமான். இத்தினி வருசம் ஒடையல. இடிக்கும்னு அவன் சொன்னது புதுச விக்கறதுக்கு சொல்ற கதன்னு நினைச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மாமா," என்றார் நிகில் மாமா.

"மாப்ளைகிட்ட எப்படி கேக்கறது?" என்றார் அப்பா. உண்மையிலேயே தெரியாமல் கேட்பதுபோல் இருந்தது.

தசரதன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் டாக்ஸி சொல்றேன்," என்று உள்ளே போனார்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். வளையல்கள் அழுத்தின.

"எப்ப பார்த்த?"

"போன வாரம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? சாப்பிட்டியான்னு கேட்டியே, அதுக்கு பதிலா சொல்லிருக்கலாம்ல?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

"இவருன்னு நினைச்ச. இல்ல?"

தலையாட்டினேன்.

"நீ சொன்ன உடனே நானும் ஒரு நிமிஷம் அவர அப்படிப் பார்த்துட்டேன்டி," என்றாள் மெதுவாக. "அவர் என்னப் பார்த்தாரு." கையை விட்டுவிட்டு நிகில் மாமாவின் அருகே போய், அவர் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். அவர் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.

ஸ்டெப்னியில் பழைய டயர் இருந்தது. நிகில் மாமாவே ஜாக்கி போட்டுக் கிழிந்ததைக் கழற்றி அதை மாட்டினார். அப்பா நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். வண்டியில் பாரம் இல்லாவிட்டால் மெதுவாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். டாக்ஸியில் அக்கா, அம்மா, அத்தைகள். முன்னிருக்கையில் நிகில் மாமா. ராகு காலம் பிறக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது அது கிளம்பியது.

ஸ்கார்ப்பியோவில் அப்பாவும் நானும் மட்டும்.

"அந்த டாக்ஸியோட பின் டயர பாத்தியா?" என்றார் அப்பா. "மொட்ட."

"நல்லாதான்பா இருந்துச்சு. நான் பார்த்தேன்."

"பாத்தியா?"

"பார்த்தேன்."

அவர் டாக்ஸியின் பின்னாலேயே போகப் பார்த்தார். முடியவில்லை. புதுப்பாக்கம் ஏற்றத்தில் அது எங்களை விட்டு விலகியது. மாம்பாக்கம் வருவதற்குள் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பா இடது ஓரமாகவே ஓட்டினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் ரேடியோவை அணைத்துவிட்டுக் காது கொடுத்தார். சத்தம் வரவில்லை.

"நீ யார சந்தேகப்பட்ட?" என்று திடீரென்று கேட்டார்.

"மாமாவ."

அப்பா ஒரு வேகத்தடையை மெதுவாக ஏறி இறங்கினார். பிறகு, "என்ன ஏன் சந்தேகப்படல?" என்றார்.

பங்க்கில் அவர் பார்க்கச் சொன்ன பக்கமெல்லாம் பார்த்திருக்கிறேன். அவரைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கண்டிகையைத் தாண்டும்போது போன் அடித்தது. நிகில் மாமா. ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் பக்கம் நீட்டினேன்.

"மாமா, நாங்க வண்டலூர் தாண்டிட்டோம். வினிதா நல்லா இருக்கா, தூங்கறா. நீங்க அவசரப்படாம வாங்க."

"சரி மாப்ள."

நிகில் மாமா வைக்கப் போனார். அப்பா தொண்டையைச் செருமினார். வண்டி இன்னும் மெதுவானது. பின்னால் வந்த பஸ் எங்களைத் தாண்டிக்கொண்டு போனது.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"அந்த நீல ஸ்ப்ரிங்கு. மாடி ரூம்ல பத்திரமா கீது. அது... எந்த ஊர்ல செய்யறது?"

எனக்குப் பயமாக இருந்தது.

"கோயம்புத்தூர் மாமா. என் ஃப்ரெண்ட் வண்டியில மூணு வருஷமா ஓடுது."

"எந்த ஃப்ரெண்டு?"

"ஜீவானந்தம். எங்க கல்யாணத்துக்கு வந்தான். உயரமா இருப்பான்."

"அவன் வண்டிய நான் பாக்கலாமா?"

"பார்க்கலாம் மாமா. நாளைக்கே வரச் சொல்றேன்."

"பில்லு குடுத்தானா கடக்காரன்?"

"குடுத்தான்."

"ஸ்ப்ரிங்கு பில்லு தனியா, டயர் பில்லு தனியா?"

"ரெண்டும் ஒண்ணா இருக்கு."

"ஒண்ணா ஏன் போட்டான்?"

நிகில் மாமா பதில் சொல்ல ஆரம்பித்தார். பின்னணியில் அக்கா விழித்துக்கொண்டு, "யாரு, அப்பாவா? இவ்ளோ நேரம் உங்ககிட்டயா பேசறாரு?" என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது. அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வண்டலூர் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குக் கை வலித்தது. மற்றக் கைக்குப் போனை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.